பெட்டியும் நானும்

சனிக்கிழமை மூன்று மணிக்கு
அரசு மதுக்கடைக் கதவு மூடிவிடும்.
டிசம்பரில் ஹம்மர்ஃபெஸ்டுக்கு
மூன்று மணியும் நள்ளிரவும் ஒரே நிறம்.
இரண்டு ஐம்பதுக்கு ஓடினேன், பனியில், இந்த முழங்காலோடு.
இந்த வாரம் நீ செய்த ஒரே உடற்பயிற்சி
என்றாள் குன்வோர்.

மூன்று லிட்டர் பெட்டி. சிலி நாட்டுச் சிவப்பு.
அட்டைக்குள் வெள்ளிப் பை, பைக்கு ஒரு குட்டிக் குழாய்.
பாட்டில் என்றால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும்,
மட்டம் இறங்குவது வீட்டுக்கே தெரியும்.
அட்டை வாயைத் திறக்காது.

மருத்துவர் சுன்னிவா பன்னிரண்டு கிலோ கேட்டிருக்கிறார்.
புது முழங்காலுக்கு முன்பணம் மாதிரி,
பனி உருகுவதற்குள்.
படகின் இயந்திர அறைக்குப் பத்தொன்பது படிகள்.
எண்ணாமல் இறங்கிக்கொண்டிருந்தேன்
போன வருஷம் வரை.

ஆகவே வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன்.
உருளைக்கிழங்கைத் தராசில் வைத்தேன்.
காட் மீனை வெண்ணெய் இல்லாமல் அவித்தேன்,
மீனுக்கே அது பிடிக்கவில்லை.
ரொட்டி ஒரு துண்டு விட்டால் ஒரு கிளாஸ் மிச்சம்,
இரவுச் சாப்பாட்டையே விட்டால் மூன்று.
இப்படி மிச்சம் பிடித்துப் பிடித்து
ஒன்பது மணிக்கெல்லாம் நான் பணக்காரன்.

செல்போனில் எல்லாம் எழுதினேன்.
கேரட், பாதி.
முட்டை ஒன்று, மஞ்சள்கரு நீக்கி.
ஒயின், ஒரு கிளாஸ்.
எந்தக் கிளாஸ் என்று அது கேட்கவில்லை.
மைத்துனன் கல்யாணத்தில் கொடுத்த கிளாஸ் என்னுடையது,
அதில் ஒரு கொத்துத் துலிப்பை
தண்டோடு நிறுத்திவைக்கலாம்.

மூன்றாவது வாரமும் முள் அசையவில்லை.
பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்றாள்.
பாதிக்கு மேலே என்றேன்.
தபால் கிடங்கில் இருபத்தாறு வருஷம் பொட்டலம் தூக்கியவளிடம்
இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
ஒற்றைக் கையால் தூக்கினாள்.
எழுநூறு கிராம் என்றாள். அட்டையையும் சேர்த்து.

அடுத்த சனி புதுப் பெட்டி.
குளியலறைத் தராசுக்குச் சின்னச் சாமான் கண்ணில் படாது,
யாராவது சுமந்துகொண்டு ஏற வேண்டும்.
குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஏறினேன்: நூற்றேழு.
அதைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்: நூற்று நான்கு.
சில்லறையை விட்டுவிடுகிறேன்.
திங்கள் இரவு மறுபடி.
சேர்ந்து: நூற்றேழு.
நான் மட்டும்: நூற்றைந்து.

குன்வோர் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
எடை அப்படியேதான் இருக்கிறது, என்றாள்,
முகவரிதான் மாறியிருக்கிறது.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
பல் துலக்கி முடித்து, துண்டை மடித்துப் போட்டு,
கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:
அதில் அரை லிட்டர் என்னுடையது.

ஞாயிறு நீ தூங்கின பிறகு.
போன ஞாயிறும்.
குழாயை மெதுவாகத் திறந்தால் சத்தம் வராது.

என் கணக்கு இடிந்து விழுந்தது.
அப்படியானால் மீதி அரைக் கிலோ
எனக்கு எங்கிருந்து வந்தது?
அவள் பார்வை
பழுப்புச் சீஸ் சீவும் கத்தியின் பக்கம் போய்த் திரும்பியது.
நான் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சமையலறையில் விளக்குப் போடாமல்
இரண்டு கிளாஸ் வைத்தோம், சின்னக் கிளாஸ்.
யார் யாருக்கு ஊற்றினோம் என்று நினைவில்லை.
ஜன்னலுக்கு வெளியே எரிவாயு ஆலையின் சுடர் ஆடியது.
என் முழங்கால் அவள் மடியில் கிடந்தது,
அவள் அதை எடைபோடவில்லை.

வியாழனன்று பையை உருவி எடுத்து
ஈரத் துணியைப் போல ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம்.
அரைக் கிளாஸ் வந்தது.
அதை செல்போனில் எழுதினேன். அரைக் கிளாஸ் என்றே.

இன்று மறுபடி சனி.
மணி இரண்டு இருபது.
குன்வோர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.
எங்கே என்றேன்.
சும்மா நடந்துவிட்டு வரலாம், நீயும் வா,
மருத்துவர் நடக்கச் சொன்னாரே.

நடக்கலாம்தான்.
வழுக்காத தெரு எங்கள் பக்கம் ஒன்றே ஒன்று,
அது அந்தக் கடை வாசல் வழியாகப் போகிறது.